நிறை கூடிப்போன பதினாறு வெள்ளிக் காசுகள்

லிந்துலை
12.06.2025

மரியாதைக்குரிய மச்சான் சிவசாமி அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் நல்லமுத்து வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. வத்தளையில் நீங்களும் அக்காவும் நலமாக இருப்பீர்கள், உங்கள் முழங்கால் வலியும் மட்டுப்பட்டிருக்கும் என நம்புகிறேன். நான் நலம். வீட்டுச் சுவர்கள் நான்கும் நலம். கூரை நலமில்லை. உங்கள் தங்கை பூரணி நலமாக இருப்பாள் என்றே நினைக்கிறேன். அவள் இப்போது இங்கே இல்லை, நானுஓயாவில் மகள் ஜெயந்தினி வீட்டில் இருக்கிறாள். கையெழுத்து கோணலாக இருப்பதைப் பொறுத்துக்கொள்ளவும். மேசைக்கு அடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். மேசைக்கு மேலே மழை பெய்கிறது.

இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். போனில் நான் இரண்டாவது வாக்கியத்துக்கு வருமுன்பே நீங்கள் "நாந்தான் அப்பவே சொன்னேனே மாப்பிள்ள" என்று ஆரம்பித்துவிடுவீர்கள். கடிதத்தில் உங்களுக்கு அந்த வசதி இல்லை. ஆகவே முழுவதையும் வாசித்துவிட்டு, நியாயம் என் பக்கம் இருப்பதை உங்கள் தங்கைக்கு எடுத்துச் சொல்லி, அவளை வீட்டுக்கு அனுப்பிவைக்க வேண்டும். கடிதத்தின் நோக்கம் அவ்வளவுதான்.

நடந்தது இதுதான். சென்ற மாசியில் கூரைக்குப் புதுத் தகரம் போடுவதென்று நானும் பூரணியும் பேசி முடிவெடுத்து, ஓய்வு பெற்றபோது வந்த என் சேமலாப நிதியில் மிச்சமிருந்த பணத்தை அதற்கென்று தனியாக வைத்தோம். நீங்கள் அதை வங்கியில் நிரந்தர வைப்பில் போடச் சொன்னது எனக்கு மறக்கவில்லை, நீங்கள் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. தகரம் விலை விசாரிக்கத் தலவாக்கலைக்குப் போன நாள் டீக்கடையில் வடை வாங்கினேன். வடை சுற்றித் தந்த பத்திரிகைத் துண்டில் வெள்ளியில் முதலீடு செய்வது எப்படி என்று ஒருவர் எழுதியிருந்தார். நகையாக வாங்காதே, செய்கூலி சேதாரம் போய்விடும், காசாக வாங்கு என்பது முதலாவது. வாங்கியதும் நிறையை நீயே சரிபார் என்பது இரண்டாவது. மூன்றாவது எண்ணெயில் ஊறிப்போயிருந்தது. மூன்றில் இரண்டு தெரிந்தால் ஒரு காரியத்தை நடத்தப் போதும் என்று தேயிலைத் தோட்டத்தில் முப்பத்திரண்டு வருடக் கணக்கப்பிள்ளை வேலையில் கண்டவன் நான். தகரம் வாங்கிய மறுநாளே துருப்பிடிக்கும், வெள்ளி வைத்திருக்க வைத்திருக்க விலை ஏறும், ஏறியதும் விற்றால் தகரமும் வரும், அதற்கு மேல் ஒரு தண்ணீர்த்தொட்டியும் வரும் என்று கணக்குப் போட்டு, நேரே அலியார் நானாவின் நகைக்கடைக்குப் போய், சுத்த வெள்ளிக் காசு ஒரு அவுன்ஸ் வீதம் பதினாறு வாங்கிக்கொண்டேன். ஏன் பதினாறு? பதினாறு அவுன்ஸ் ஒரு இறாத்தல். வாங்கினால் முழுசாக வாங்க வேண்டும்.

ஒவ்வொரு காசும் வட்டமான பிளாஸ்டிக் கூட்டுக்குள் முத்திரை போட்டு மூடியிருந்தது. வீட்டுக்கு வந்ததும் நிறையைச் சரிபார்க்க முன்வீட்டு மரக்கறிக் கடைத் தராசை இரவல் வாங்கினேன். இப்போது நீங்களே சொல்லுங்கள், கொழுந்தைச் சாக்கோடு நிறுத்தால் அது கொழுந்தின் நிறையா? மலையில் கொழுந்து நிறுக்கிற இடத்தில் என் வாழ்நாளெல்லாம் சாக்குக்கும் தண்ணீருக்கும் கழித்துத்தான் எழுதியிருக்கிறேன். சாக்கோடு நிறுக்கிற பழக்கம் என் கைக்கு இல்லை. கூடு சும்மா திறக்கவில்லை. பாக்குவெட்டியால் ஒவ்வொன்றாக நெம்பிப் பதினாறையும் வெளியே எடுத்தேன். இரண்டு காசு சிமெந்துத் தரையில் விழுந்து உருண்டு, ஒன்று கோழிக்கூட்டுக்கு அடியில் போய், அதைக் குச்சியால் இழுத்தெடுத்தது தனிக் கதை. பிறகு பதினாறையும் தராசில் வைத்தால், மச்சான், நானூற்றுத் தொண்ணூற்றேழு கிராம் காட்டுகிறது.

ஒரு இறாத்தல் என்பது நானூற்று ஐம்பத்துமூன்று கிராம். பேக்கரியில் இறாத்தல் பாண் வாங்குகிற பிள்ளைக்கும் தெரியும். நாற்பத்துநான்கு கிராம் அதிகம். தராசு தவறென்று நினைத்து ஒரு கிலோ சீனிப் பைக்கட்டை வைத்துப் பார்த்தேன், சரியாகக் காட்டியது. பூரணி எட்டிப் பார்த்து, கூடத்தானே இருக்கு, சந்தோஷமா எடுத்து உள்ள வைங்க என்றாள். அவளுக்கு நிறுவை தெரியாது. இத்தனை வருடத்தில் வாங்குகிறவனுக்குச் சாதகமாகத் தவறுகிற தராசை நான் ஒரு நாளும் கண்டதில்லை. வியாபாரி கூடுதலாகத் தந்தால் உள்ளே பாரமான வேறு எதையோ கலந்திருக்கிறான் என்று அர்த்தம். ஈயம் என்று அந்த நிமிடமே தீர்மானித்தேன்.

ஆனால் ஆதாரமில்லாமல் ஒருவர் மேல் பழி போடுகிறவன் நானில்லை. சாக்கில் கொழுந்து சோதிக்கும்போது மேலே ஒரு கை, அடியில் ஒரு கை எடுத்துப் பார்ப்போம், ஏனென்றால் முற்றல் இலையை அடியில்தான் ஒளிப்பார்கள். அதே முறைப்படி மேலே இருந்து ஒரு காசு, அடியில் இருந்து ஒரு காசு எடுத்து, தேயிலைச் செடி வெட்டுகிற பழைய கவ்வாத்துக் கத்தியை அவற்றின் மேல் வைத்துச் சுத்தியலால் அடித்து இரண்டையும் பாதியாக வெட்டினேன். சத்தம் கேட்டு அடுப்படியிலிருந்து வந்த பூரணி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஊரெல்லாம் தகரத்த வெட்டிக் கூர போடுறாங்க. நீங்க வெள்ளிய வெட்டிப்புட்டு மழைக்கு உக்காந்திருக்கீங்க." வெட்டிய இடத்தில் பார்த்தால் உள்ளேயும் வெள்ளைவெளேரென்று இருந்தது. எனக்கு வந்த ஏமாற்றத்தைச் சொல்ல முடியாது. ஈயமும் புதிதாக வெட்டினால் அப்படித்தான் பளபளக்கும் என்று பிறகு ஞாபகம் வந்து மனசு கொஞ்சம் ஆறியது.

மறுநாள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நியாயம் கேட்கப் புறப்பட்டேன். கடையில் கொடுத்ததும் மாற்றி வைத்துவிட்டால் என்ன செய்வது? காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டில் ஆளுக்கொரு நம்பர் இருப்பது போல ஒவ்வொரு காசுக்கும் ஆணியால் நம்பர் கீறினேன், ஒன்றிலிருந்து பதினாறு வரை. காசில் ஒரு யானைப்படம் இருந்தது, அதன் வயிற்றில் இடமிருந்ததால் அங்கே கீறினேன். பாதியானவற்றுக்கு ஆறு அ, ஆறு ஆ, ஏழு அ, ஏழு ஆ என்று ஒழுங்காகவே கீறியிருக்கிறேன்.

அலியார் நானா நல்ல மனிதர், அதை நான் மறுக்கவில்லை. நாற்காலி போட்டு உட்காரவைத்து, பிளேன்டீ வரவழைத்து, என்ன பிரச்சினை என்று கேட்டார். நிறை அதிகமாக இருக்கிறது என்றேன். "கணக்கப்புள்ள ஐயா, நிறை கொறஞ்சிருச்சுன்னு நூறு பேர் சண்டைக்கு வந்திருக்காங்க. கூடிப்போச்சுன்னு வந்தவங்க நீங்க ஒருத்தர்தான்" என்றார். பிறகு ஏதோ மருந்துத் துளி விட்டுப் பார்த்து, சுத்த வெள்ளிதான் என்று எனக்கே காட்டினார். வெள்ளி, தங்கம் நிறுக்கிற அவுன்ஸ் முப்பத்தொரு கிராம், பாண் நிறுக்கிற அவுன்ஸ் அதைவிடச் சின்னது, உலகம் முழுக்க அப்படித்தான் என்று விளக்கம் சொன்னார். வெள்ளிக்கு ஒரு அவுன்ஸ், பாணுக்கு ஒரு அவுன்ஸ் என்றால் நாளைக்கு வெள்ளிக்கு ஒரு திங்கட்கிழமை, பாணுக்கு ஒரு திங்கட்கிழமை என்பீர்களா என்று கேட்டேன். அந்த நாற்பத்துநான்கு கிராமை வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள், அடுத்தவன் பொருள் எனக்கு வேண்டாம் என்றேன். எடுத்தால் நட்டம் உங்களுக்குத்தான் என்று அவர் கெஞ்சுகிறார். நட்டப்படுவது என் உரிமை என்றேன்.

கடைசியில் வெறுத்துப்போய், அப்படியானால் பதினாறையும் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தாருங்கள், நான் தகரமே வாங்கிக்கொள்கிறேன் என்றேன். அப்போதுதான் அவர் காசுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். கூடு எங்கே என்றார். சாக்கை யார் சுமந்துகொண்டு வருவார்கள் என்றேன். யானை வயிற்றில் இது என்ன என்றார். நம்பர் என்றேன். கூட்டோடு இருந்தால்தான் காசுக்குக் காசு விலை, கூடு போய், கீறல் விழுந்து, இரண்டு பாதியாகவும் ஆனபின் இது வெறும் உருக்கப்போடுகிற வெள்ளி, ஆகவே நீங்கள் வாங்கிய விலையில் ஒரு பங்கு கழித்துத்தான் தர முடியும் என்றார். கழிப்பதா? என்னிடமா? சல்லிக்காசு கழிக்க விடமாட்டேன், நிறையில் ஒரு கிராம்கூடக் குறையவில்லை, கூடியல்லவா இருக்கிறது என்று நான் சத்தம் போட, கொலுசுக்குத் திருகாணி மாட்ட வந்திருந்த காளியாயி அங்கே நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். எங்கள் தோட்டத்தில் பதினெட்டு வயதிலிருந்து கொழுந்து பறித்த பொம்பிளை. அவள் மெதுவாகச் சொல்கிறாள்: "சாக்குக்கு ரெண்டு கிலோ, தண்ணிக்கு ஒரு கிலோன்னு எங்ககிட்ட கழிச்சப்ப, போனா போகட்டும் காளியாயின்னு சொல்லுவீங்க. இன்னைக்கு ஒங்களுக்கும் போனா போகட்டுமுங்க." கடையில் எல்லோரும் எதற்குச் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. சம்பந்தமில்லாத பழைய கதையை இந்த இடத்தில் எடுத்ததற்கும் காரணம் விளங்கவில்லை. நான் காசுகளைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

அன்று பின்னேரமே மழை பிடித்தது. முதல் நாள் மூன்று இடத்தில் ஒழுகியது. மூன்றாம் நாள் ஒன்பது இடம். சட்டி, வாளி, பேசின், வத்தளை அக்கா எங்கள் கல்யாணத்துக்குத் தந்த பித்தளை அண்டா எல்லாவற்றையும் வைத்தாயிற்று. கட்டிலை நான்கு தரம் இடம் மாற்றினோம். ஐந்தாவது தரம் இழுக்கும்போது பூரணி கட்டில் காலை விட்டுவிட்டு நிமிர்ந்து, விற்கப்போகிறீர்களா இல்லையா என்று கேட்டாள். கழித்துத் தந்தால் விற்கமாட்டேன், இது மானப்பிரச்சினை என்றேன். அவள் பேக்கை எடுத்தாள். "மானத்த கூரைக்குப் போட்டு அதுக்குக் கீழ படுத்துக்கங்க. தகரம் ஏறுனதும் சொல்லியனுப்புங்க, வர்றேன்." அவ்வளவுதான். போய் ஆறு நாளாகிறது. சோறு நானே ஆக்குகிறேன். மழைத்தண்ணீர் விழுந்துவிடுவதால் கஞ்சியாகத்தான் இறக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே மச்சான், நான் கேட்பது இரண்டு. உங்களுக்குப் பக்கத்தில், கொழும்பில் கழிவு போடாமல், கூடு கேட்காமல், நம்பருக்கு மதிப்புக் கொடுத்து வாங்குகிற நாணயமான கடை ஒன்று பார்த்துச் சொல்லவும். அதுவரை, தன் கணவன் கொள்கைக்காக நனைகிறான் என்பதைப் பூரணிக்குப் புரியும்படி எடுத்துச் சொல்லவும். நான் அலியார் நானா கடைப்படி ஏறமாட்டேன். கூரை முழுதாக இறங்கி என் தலையில் விழுந்தாலும் ஏறமாட்டேன். இது என் கடைசி வார்த்தை.

அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். உங்கள் வீட்டில் எல்லோரும் நோய் நொடியில்லாமல், முக்கியமாக நனையாமல் இருக்க அம்மன் துணை.

இப்படிக்கு,
தன் நிலையிலிருந்து மாறாத உங்கள் மைத்துனன்,
க. நல்லமுத்து

பி.கு. (18.06.2025): மழை விடாததால் கடிதத்தைத் தபாலில் சேர்க்க முடியவில்லை. இதற்கிடையில் பதினான்காம் தேதி அதிகாலையில் அண்டா நிரம்பி வழிந்து என் போர்வை மிதந்ததில், அலியார் நானா கடை திறக்குமுன்பே போய்ப் படியில் உட்கார்ந்து, அவர் சொன்ன விலைக்கே பதினாறையும் கொடுத்துவிட்டேன். தகரம் ஏறிவிட்டது. பூரணி நேற்று வந்துவிட்டாள். எப்படி மனம் மாறினீர்கள் என்று கேட்டாள். மழைக்குப் பயந்து விற்றேன் என்று நான் எப்படிச் சொல்வது? "ஒங்க அண்ணன் கடுமையா எழுதிட்டாரு, பெரியவர் சொல்ல எப்புடித் தட்டுறது" என்று சொல்லிவிட்டேன். அவள் அந்தக் கடிதத்தை வாசிக்க வேண்டுமாம். அது கோட்டுப் பையில் இருக்கிறது, கோட்டு டோபியிடம் போயிருக்கிறது, அடுத்த சனிக்கிழமைதான் வரும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஆகவே தயவுசெய்து இன்றே, வெள்ளியை உடனே விற்கும்படி உத்தரவிட்டு எனக்கு ஒரு கடிதம் எழுதி, பதினொன்றாம் தேதி போட்டு, இங்கே ஒழுகலில் கிடந்தது போல ஒரு தரம் தண்ணீரில் நனைத்துக் காயவைத்து, பூரணி கையில் சிக்காதபடி அலியார் நானா கடை விலாசத்துக்கு அனுப்பவும். நன்றாகவே திட்டலாம், இல்லாவிட்டால் அவள் நம்பமாட்டாள். ஆனால் மடையன் என்று ஒரு தரம்தான் போட வேண்டும். இரண்டாவது தரம் போட்டிருந்தால், பதினாறையும் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன்.