அளவான மறதி

பதினைந்து வார்த்தைகளும் ஹெர்மினியாவின் நாக்கு நுனியில் வரிசையாக வந்து நின்றன. எண்பத்தொரு வயதில் அவளுடைய சங்கடமே அதுதான்.

"படகு... எலுமிச்சை..." என்று இழுத்தாள். "அவ்வளவுதான்மா. மீதி போயே போச்சு."

ஞாபகச் சோதனை நடத்திய மரிசெல் சோகமாகக் குறித்துக்கொண்டாள். வயதான ஹிஸ்பானியர்களில் சிலருக்கு மட்டும் ஞாபகசக்தி ஏன் அபாரமாக இருக்கிறது என்று ஆராயும் குழுவில் வேலை அவளுக்கு. என்ன சாப்பிடுவீர்கள், எத்தனை மொழி பேசுவீர்கள், வாரத்துக்கு எத்தனை பேர் வீடு தேடி வருவார்கள் என்றெல்லாம் கேட்பாள். ஹிஸ்பானியர்கள் நிறைந்த ஹையாலியா ஊரில் இதற்குப் பதில் சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. பேச்சை முடிக்கத்தான் யாருக்கும் தெரியாது.

ஹெர்மினியாவின் பெயரைக் கொடுத்ததே தங்கை சோய்லாதான். அக்காவைப் பற்றிச் சாட்சி சொல்லக் கையெழுத்துப் போட்டவளும் அவளே. அதனால் முடிவு அவளுக்கும் தெரிந்துவிடும்.

"உனக்கு ஞாபகம் நல்லா இருக்குன்னு மட்டும் வரட்டும்க்கா. என் கல்யாண கேக்கைத் தள்ளிவிட்டது யாருன்னு நீ சொல்லித்தான் ஆகணும்" என்று முன்பே எச்சரித்திருந்தாள்.

1978இல் நடந்த கல்யாணம். ஏழு அடுக்கு கேக், நடுவே நீரூற்று, இருபுறமும் பிளாஸ்டிக் படிக்கட்டு. அது சரிந்தபோது பக்கத்தில் நின்ற பாவத்துக்காக, நாத்தனார் ஓல்காவோடு சோய்லா இன்றுவரை பேசுவதில்லை. சரிந்த அடுத்த நிமிடம் கழிவறையில், தன் கவுனின் பின்புறம் அப்பியிருந்த கிரீமை அவசர அவசரமாகக் கழுவிக்கொண்டிருந்தவள் ஹெர்மினியா.

"எனக்கு எங்கடி ஞாபகம் இருக்கு!" நாற்பத்தாறு வருடமாக இதே பதில்.

சோய்லா போன் போட்டு ரெண்டே வார்த்தை கதையைச் சொன்னதும், ஆர்லாண்டோவிலிருந்து மகள் யாமிலெட் அழுத கண்ணோடு வந்து இறங்கினாள். முதலில் அம்மாவின் கார் சாவியைப் பிடுங்கிக்கொண்டாள். பிறகு வீடெல்லாம் சீட்டு. அடுப்பில் 'அணை'. குளியலறைக் கதவில் 'குளியலறை'. செத்துப்போன கணவரின் படத்துக்குக் கீழே 'இது அப்பா'.

"ஏண்டி, முப்பது வருஷம் குப்பை கொட்டினேன், இந்த மனுஷனை எனக்குத் தெரியாதா?"

"எதுக்கும் இருக்கட்டும்மா."

மகளுக்குத் தைரியம் சொல்ல, அவளுடைய முதல் மூன்று காதலர்களின் பெயர்களைச் சொன்னாள் ஹெர்மினியா. அவர்கள் ஓட்டிய கார்களின் நம்பரையும் சொன்னாள்.

யாமிலெட் இன்னும் நடுங்கிப்போனாள். "பழசு அப்படியே இருக்கு, புதுசுதான் நிக்கல. இப்படித்தான் ஆரம்பிக்குமாம்! நீ பேசாம என்னோட ஆர்லாண்டோ வந்துடு."

"அங்க குடிக்கிற மாதிரி ஒரு காபி கிடைக்குமாடி?"

"பாத்தியா, போன தடவை குடிச்சதையே மறந்துட்ட!"

இதற்கு மேல் தாங்காது. மறுசோதனை வேண்டும் என்றாள் ஹெர்மினியா. முன்னேற்பாடாக, அதே சோதனைக்குப் போய்வந்த கீழ்வீட்டு ரிகோபெர்டோவைப் பிடித்தாள்.

"நீங்க எத்தனை வார்த்தை சொன்னீங்க?"

"ஏழு."

"என்ன சொன்னாங்க?"

"பாராட்டவும் இல்ல, பயமுறுத்தவும் இல்ல. வீட்டுக்குப் போங்கன்னுட்டாங்க."

அவளுக்கு வேண்டியது அதுதான்.

மறுசோதனையன்று சோய்லாவும் கூடவே வந்து உட்கார்ந்தாள். மரிசெல் புதிதாகப் பதினைந்து வார்த்தைகளை ஐந்து முறை வாசித்தாள். ஐந்து முறையும் ஹெர்மினியா சொன்னது ஏழு. அரை மணி நேரம் கழித்துக் கேட்டபோதும் ஏழு. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

சோய்லாவின் முகம் வாடிவிட்டது. "ஏழுதானாக்கா? ஓல்காவுக்கும் வயசாகுது. அவ தள்ளலைன்னு ஒரு வார்த்தை நீ சொன்னா, நானே போய்ப் பேசிடலாம்னு இருந்தேன்."

ஹெர்மினியா தங்கையின் தோளைத் தட்டிக்கொடுத்தாள். சாவி திரும்பி வந்துவிடும், ஆர்லாண்டோ தொலைந்தது, கேக்கும் புதைந்தது. கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

மரிசெல் மட்டும் ஆறு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்ல நிமிர்ந்தாள்.

"சோய்லாம்மா, பதினஞ்சையும் சொன்னவங்க எங்ககிட்ட நாலு பேர் இருக்காங்க. ஆறு தடவையும் அதே எட்டு வார்த்தைய, ஒண்ணுகூட மாத்தாம மறந்தவங்க உங்க அக்கா ஒருத்தங்கதான்."