என் நெஞ்சு சிவந்த கதை

"ஒனக்கு ஓரந்தான் செவந்துச்சு. எனக்குத் துணி முழுக்கச் செவந்துச்சுடி!"

"ஏத்தா, முழுக்கச் செவந்தா ஒனக்கு வெசம் சாஸ்தின்னு அர்த்தம். இதுல என்ன பெருமை?"

பொட்டிப்புரம் பக்கம் ஒரு தென்னந்தோப்பு. கொட்டகை வாசலில் மொக்கம்மாளும் சந்தனம்மாளும் இப்படி மல்லுக்கட்டினார்கள். பின்னால் நீண்ட வரிசை. ஆண்டிபட்டியிலிருந்து வேன் பிடித்தெல்லாம் வந்திருந்தார்கள். எல்லாரும் நெஞ்சு நோயை இறக்குவதாகச் சொன்ன நெஞ்சுச்சாமியிடம் நெஞ்சைக் காட்டத்தான். அந்த வரிசையில் ஒரு முட்டாளும் நின்றான். நான்தான்.

கொரோனா வந்து போனதிலிருந்து எனக்கு மூச்சு வாங்கியது, கால் வீங்கியது. மதுரை டாக்டர், "ஒங்க இதயத்துக்கு ரத்தத்தைத் தள்ளுற தெம்பு போச்சு. மாத்திரைய விடாமச் சாப்பிடுங்க. மாற்று இதயத்துக்குப் பதிஞ்சு வைப்போம்" என்றார்.

எனக்கோ பயம். இதயத்தை மாற்றினால் என் மனசு எங்கே போகும்? இன்னொருத்தர் பெண்டாட்டி மேல் பாசம் வந்துவிட்டால்? ஐம்பது வயது ஆள் ராத்திரி பகலாக யோசித்த கேள்வி இது.

சாமி பயத்தைப் போக்கினார். நெஞ்சில் மஞ்சள் பூசினார். 'மலைச்சுனைத் தண்ணி'யில் நனைத்த வெள்ளைத் துணியை ஒற்றினார். துணி ரத்தமாய்ச் சிவந்தது. "பாத்தியா, கொரோனா வெசம் எறங்குது! இனி மாத்திரையத் தொடாத. ஆப்பரேசனும் வேணாம்."

தொடவில்லை. வாராவாரம் போய்ச் சிவந்தேன். கால் தலையணையாய் வீங்கியது. படுத்தால் மூச்சு முட்டியது. "வெசம் எறங்கிக் கால்ல நிக்குது" என்று நானே விளக்கம் சொன்னேன்.

"அங்கன டாக்டர் என்ன சொன்னாக, இங்கன நீங்க என்ன பண்றீக?" என்று என் மனைவி சொர்ணலதா அடுத்த வாரம் கூடவே வந்தாள். சாமியின் கிண்ணத்து மஞ்சளை வழித்துத் தென்னைமரத்தில் பூசினாள். அவர் துணியையே எடுத்து ஒற்றினாள். சிவப்பு!

"சாமி, மரத்துக்கும் கொரோனாவா?"

"மரத்துக்கும் உசுரு உண்டுல்ல ஆத்தா."

கூட்டம் தலையாட்டியது. நானும்தான்.

அவள் விடவில்லை. சாமியின் பைக் டாங்கில் பூசி ஒற்றினாள். இன்னும் நல்ல சிவப்பு.

"இதுக்கு எப்ப வந்துச்சு சாமி? மாஸ்க் போடாம ஓட்டுனீகளா? மஞ்சள்ல சுண்ணாம்புத் தண்ணி பட்டா செவக்காம என்ன செய்யும்? நம்ம வீட்டு ஆலத்தட்டுதான இது!"

நான் அல்லிநகரத்தில் கல்யாண மண்டப மேனேஜர். முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் ஆரத்திக்கு ஆலம் கரைக்க மஞ்சளும் சுண்ணாம்பும் எடுத்துக் கொடுப்பவன். தட்டில் சிவந்தால் ஆலம், என் நெஞ்சில் சிவந்தால் மட்டும் அற்புதம்!

சாமி அந்த பைக்கிலேயே பறந்தார். "போறவரு எனக்கு ஒருதடவ ஒத்திட்டுப் போயிருக்கக் கூடாதா?" என்று மொக்கம்மாள் புலம்பினாள்.

அன்றே மதுரைக்கு ஓடினோம். "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா, இதயம் கெடச்சாலும் வைக்க ஆள் இருந்திருக்காது" என்றார் டாக்டர். இப்போது மாத்திரை விடாமல் ஓடுகிறது. என் பெயர் காத்திருப்போர் வரிசையில் இருக்கிறது. யாரோ ஒரு குடும்பம், இறந்துபோன தன் ஆளின் இதயத்தைத் தர அழுதுகொண்டே சம்மதித்தால்தான் எனக்கு வாழ்வு. அவர்கள் கொடுப்பதை வாங்கிக்கொள்ள நான் உயிரோடாவது இருக்க வேண்டாமா?

கெட்டுப்போனது இதயம்தான். மூளை நன்றாகத்தான் இருந்தது, நான்தான் வேலை கொடுக்கவில்லை. உங்களுடையதும் சும்மா கிடக்க வேண்டாம். எவன் பேச்சையாவது கேட்டு நெஞ்சு மாத்திரையை நிறுத்தியிருந்தால் முதலில் டாக்டரிடம் ஓடுங்கள். பிறகு இந்தப் பதிவுக்குக் கீழே ஒரு வரி எழுதுங்கள். சிரிக்க மாட்டேன், எனக்கு அந்தத் தகுதி இல்லை.