சுழலும் மூடியின் மகிமை

பூமியின் மேல் இதுவரை போடப்பட்ட மூடிகளிலேயே தலைசிறந்தது எது என்று யாராவது கேட்டால், சற்றும் தயங்காமல் கழிவுநீர் வாரியத்தின் இணையதள முகப்பில் சுழலும் பாதாளச் சாக்கடை மூடியைத்தான் சொல்ல வேண்டும். அது இரும்பு அல்ல, கான்கிரீட்டும் அல்ல. முழுக்க முழுக்க ஒளி. ஏழு பக்கத்திலிருந்து வெளிச்சம் விழ, பொன்னிறத்தில் தகதகத்து, நிழலைத் தன்னோடு இழுத்துக்கொண்டு அது சுழல்கிற அழகைப் பார்த்தவர்கள், அங்கே எதற்கு வந்தோம் என்பதையே மறந்துபோனார்கள். அவர்கள் மறந்தது வாரியத்துக்கும் சௌகரியமாகவே இருந்தது.

அதைப் படைத்தவரை அலுவலகத்தில் எல்லோரும் 'முப்பரிமாணம்' என்று அழைத்தார்கள். ஆள் ஒல்லி. பக்கவாட்டில் பார்த்தால் இரண்டு பரிமாணம்கூடத் தேறாது. வாரியத்தின் வரைகலைப் பிரிவு என்பது அவர் ஒருவர்தான். பிரிவுத் தலைவரும் அவரே, ஊழியரும் அவரே. ஏழு வருடம் "குழாயில் குப்பை போடாதீர்" என்று சுவரொட்டி வரைந்து கை மரத்துப்போயிருந்த மனிதருக்குத் திடீரென்று யோகம் அடித்தது.

மின்சாரக்காரர்களின் விழாவுக்குப் போய்வந்த வாரியத் தலைவர் முகம் தொங்கிப்போய்த் திரும்பியிருந்தார். அவர்கள் இணையதளத்தில் ஒரு பல்பு சுற்றுகிறதாம். நம்முடையதில் என்ன இருக்கிறது? வெள்ளைப் பக்கம், ஒரு தொலைபேசி எண், "உங்கள் தெருவில் எங்கே அடைப்பு?" என்று ஒரு கட்டம். அவ்வளவுதான். புகார் கொடுக்க வருகிறவன் நாற்பது நொடியில் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறான். ஒரு நிமிடம்கூட அவனை உட்காரவைத்து உபசரிக்க முடியவில்லை.

முப்பரிமாணம் நான்கு மாதம் உழைத்தார். தெருவில் மண்டியிட்டு மூடிகளைப் படம் எடுத்தார். வெயில் எந்தக் கோணத்தில் விழுந்தால் துரு பொன்னாகத் தெரியும் என்று கண்டுபிடித்தார். முன்னோட்டம் பார்த்த தலைவர் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். ஒரே ஒரு குறைதான் அவருக்கு.

"நாலு மூலையும் மின்னினா இன்னும் நல்லா இருக்கும்."

"வட்டத்துக்கு மூலை இல்லையே சார்."

"சாதாரண வட்டத்துக்கு இல்ல. இதுதான் முப்பரிமாணம் ஆச்சே?"

இந்த வாதத்துக்கு வரைகலை சாஸ்திரத்தில் பதில் இல்லை. முப்பரிமாணம் மூடிக்கு நான்கு மூலைகள் வைத்தார்.

அடுத்து, 'உள்ளே செல்க' என்ற பொத்தானை எங்கே வைப்பது என்ற மாபெரும் பிரச்சினை எழுந்தது. மேலே வைத்தால் பளபளப்பு கெட்டது. பக்கத்தில் வைத்தால் நிழல் கெட்டது. கடைசியில் மூடியின் அடிப்பக்கத்தில் வைத்தார். வருகிறவர் மூடியை இடப்பக்கம் மூன்று முறை சுழற்றி, ஓரத்தைப் பிடித்துத் தூக்கி, கவிழ்த்துப் பார்த்தால் தெரியும். தேடிக் கண்டுபிடிப்பதில்தான் சந்தோஷம் இருக்கிறது என்று தலைவர் அதற்கு ஒப்புதல் அளித்தார்.

பலன் உடனே தெரிந்தது. தினமும் முந்நூறு வந்த புகார்கள் முதல் வாரம் நாற்பதாகவும், இரண்டாம் வாரம் நான்காகவும், அதற்குப் பின் பூஜ்யமாகவும் குறைந்தன. ஒருவர் முகப்பில் தங்கும் சராசரி நேரமோ பத்தொன்பது நிமிடங்களாக உயர்ந்தது. இப்படி இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் முன்னேறிய வாரியம் வேறு எங்கேயும் கிடையாது.

புகார்ப் பிரிவில் இருபது வருடமாக உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு மட்டும் இந்த முன்னேற்றம் புரியவில்லை. கடைக்குப் போனால் ஜனங்கள் சூழ்ந்துகொள்வதாகவும், மூன்று தெருக்களில் சாக்கடை பொங்கி ஓடுவதாகவும் கூட்டத்தில் எழுந்து சொன்னார். அது தெரு, இங்கே பேசுவது புள்ளிவிவரம் என்று தலைவர் விளக்கினார். அந்த அம்மா முப்பரிமாணத்தின் பக்கம் திரும்பினார்.

"தம்பி, அந்தப் பழைய போன் நம்பரையாவது ஓரமா போட்டுடுங்களேன். கண்ணுக்குத் தெரிஞ்சா போதும்."

"நம்பர் போட்டா நிழல் உடைஞ்சிடும்மா," என்றார் முப்பரிமாணம், உண்மையான வருத்தத்தோடு.

அதே கூட்டத்தில் இன்னொரு தீர்மானமும் நிறைவேறியது. யாருமே உள்ளே போகாதபோது உள்ளே என்று ஒன்று எதற்கு? அதை எடுத்துவிட்டால் மூடி இன்னும் வழுக்கிக்கொண்டு சுற்றும். தொழில்நுட்ப ஆலோசகர் என்ற முறையில் முப்பரிமாணம் கையெழுத்திட்டார். 'உள்ளே செல்க' என்பதை அழுத்தினால் மூடி மறுபடியும் முதலிலிருந்து சுழலும்படி அவரே அமைத்தார். வந்தவர் வெறுங்கையோடு திரும்பக் கூடாது அல்லவா? புகார்ப் பிரிவின் தொலைபேசி துண்டிக்கப்பட்டது. அந்த அம்மா பழைய வரைபடங்கள் இருக்கும் அறைக்கு மாற்றப்பட்டார்.

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, முப்பரிமாணத்தின் வீட்டுக் குளியலறை ஓட்டையிலிருந்து கறுப்பாக ஏதோ எட்டிப்பார்த்தது. எட்டு மணிக்குக் குளியலறையில் இருந்தது, ஒன்பதுக்குக் கூடத்துக்கு வந்தது. கீழறையில் அவருடைய அம்மா படுத்திருந்தார். மூட்டு அறுவை முடிந்து பன்னிரண்டு நாள். காலைத் தரையில் ஊன்றக் கூடாது, தையலில் அழுக்கு பட்டால் ஆபத்து என்று மருத்துவர் இரண்டு முறை சொல்லி அனுப்பியிருந்தார். புருஷனும் பெண்டாட்டியுமாக அம்மாவைத் தூக்கிச் சாப்பாட்டு மேசைமேல் கிடத்தினார்கள். மாடிக்குத் தூக்க இரண்டு பேரால் ஆகவில்லை.

மனைவி அதற்கு முன்பே, எட்டு மணியிலிருந்து, செல்போனை வைத்துக்கொண்டு மூடியோடு போராடிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, உங்க ஆபீஸ் வெப்சைட் திறக்கவே மாட்டேங்குது."

"உனக்குத் திறக்கத் தெரியல," என்று போனை வாங்கினார். முழங்கால் வரை சாக்கடையில் நின்றாலும் கலைஞனின் பெருமை கலைஞனுக்கு. இடப்பக்கம் மூன்று சுற்று. ஓரத்தைப் பிடித்தார், தூக்கினார், கவிழ்த்தார். 'உள்ளே செல்க'. அழுத்தும்போதே அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. ஆனால் விரல் முந்திக்கொண்டது. மூடி மறுபடியும் சுழல ஆரம்பித்தது.

மேசைமேலிருந்து அம்மா எட்டிப் பார்த்தார். "என்னடா அது, சுத்திக்கிட்டே இருக்கு?"

"மூடிம்மா."

"நம்ம வீட்டுக்கா?"

"இல்லம்மா. பொதுவா."

மனைவி போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு, அவர் காட்டிய வழியில் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள். அவர் தடுக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வாரியத்தின் லாரிக் கொட்டகைக்கு ஓடினார்.

அடைப்பு எடுக்கும் லாரி கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றிருந்தது. மூன்று மாதமாக அடைப்பே இல்லாததால் தினமும் துடைத்து மெருகு போடுவதாக ஓட்டுநர் சொன்னார். முப்பரிமாணம் தன் வீட்டு நிலைமையைச் சொல்லி, அம்மாவின் காலைச் சொல்லி, கும்பிடாத குறையாகக் கேட்டார். ஓட்டுநர் நல்ல மனிதர். சாவியைக்கூடக் கையில் எடுத்துவிட்டார்.

"புகார் நம்பர் மட்டும் சொல்லுங்க சார், கிளம்பிடலாம். நம்பர் இல்லாம வண்டி வாசலைத் தாண்டினா என் வேலை போயிடும்."

"நம்பர் எங்க கிடைக்கும்?"

"என்ன சார், நீங்க போய் என்னைக் கேக்கறீங்க? வெப்சைட்லதான்."

திங்கட்கிழமை காலை மாதாந்திரக் கூட்டம். முப்பரிமாணம் இரண்டு முறை குளித்துவிட்டு வந்திருந்தார். தெருமுனைக் குழாயில்தான். இருந்தும் பக்கத்து நாற்காலிக்காரர் மெல்லத் தள்ளி உட்கார்ந்தார். தலைவர் ஒரு காகிதத்தை எடுத்து வாசித்தபோது அவருடைய குரல் தழுதழுத்தது. நேற்று ஒருவர் காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை, ஒன்பது மணி நேரம், நம் முகப்பை விட்டு நகரவே இல்லை. யார் பெற்ற பிள்ளையோ, இந்த வாரியத்தின் மேல் இவ்வளவு பிரியம்.

"அது என் மனைவி சார்," என்றார் முப்பரிமாணம்.



"வீட்டுக்குள்ள முழங்கால் வரைக்கும் சாக்கடை சார். எங்கம்மா ஆபரேஷன் பண்ணின காலோட சாப்பாட்டு மேசைமேல படுத்திருக்காங்க."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாத்தீங்களா? அந்த நிலைமையிலயும் கண்ணை எடுக்க முடியல."

கைத்தட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அவசரமாக ஒரு லாரி வேண்டும் என்று அவர் சொன்னது அதில் யார் காதிலும் விழவில்லை. கூட்டக் குறிப்பில் "புகார்கள்: இல்லை" என்று எழுதிக் கையெழுத்துக்கு நீட்டினார்கள். கூடவே மின்னும் கேடயம் ஒன்றையும் நீட்டினார்கள். தெரு மூடியைப் போலவே வட்டம், பித்தளை, நல்ல கனம். அதை மார்போடு அணைத்துக்கொண்டார். கையெழுத்துப் போட்டார்.

கேடயத்தோடு வீட்டுக்கு வந்தவரை மனைவி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கேடயத்தைத்தான் பார்த்தாள். வாங்கிக் கையால் அளந்தாள். பழைய சைக்கிள் டியூபை வெட்டி அதன் விளிம்பில் சுற்றி, குளியலறை ஓட்டைமேல் வைத்து அழுத்தி, அதன் மேல் தண்ணீர் கேன் நான்கை ஏற்றினாள். பொங்குவது நின்றது. சாயங்காலத்துக்குள் வீட்டைக் கழுவித் தள்ளி, அம்மாவை மேசையிலிருந்து இறக்கினார்கள். தையலில் அழுக்கு படவில்லை.

"மூடின்னா இதுடா," என்றார் அம்மா.

மறுநாள் காலை அவர் அலுவலகம் கிளம்பும்போது பக்கத்து வீட்டுக்காரர் மதில்மேல் தலை நீட்டினார். வேட்டி முழங்காலுக்கு மேல் இருந்தது. இதுவரை வராத சாக்கடை ராத்திரியோடு ராத்திரியாகத் தங்கள் வீட்டுக்குள் பொங்கிவிட்டது, கைக்குழந்தை வேறு இருக்கிறது என்று படபடத்தார். "நீங்க வாரியத்துலதான இருக்கீங்க? இந்தப் புகாரை எப்படிங்க குடுக்கறது?"

முப்பரிமாணம் ஒரு கணம் தன் வீட்டுக் குளியலறைப் பக்கம் பார்த்தார். பிறகு குரலைக் கனிவாக்கிக்கொண்டார்.

"வெப்சைட்டுக்குப் போங்க. இடப்பக்கமா மூணு சுத்து. அவசரப்படாம, பொறுமையா பாருங்க."

அன்று முகப்பில் தங்கும் சராசரி நேரம் இருபத்திரண்டு நிமிடங்களைத் தொட்டது.