ஜோசியர் பார்த்த வண்டி

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. பிறகு வெகுகாலம் சும்மா இருந்துவிட்டு, எங்கள் மோட்டார் சைக்கிள் சர்வீஸ் சென்டரைத் திறந்தது. அதன் மேலாளன் சொல்வதால் இதைத் தற்பெருமை என்று நினைக்கக் கூடாது. வந்து பாருங்கள். தரையில் ஒரு சொட்டு ஆயில் இருக்காது. வண்டிகள் ஸ்டாண்டில், ஹாண்டில் இம்மியும் கோணாமல் நேராக நிற்கும். கோணி நிற்பதைத் தலைமையகம் ‘ஒழுங்கீனம்’ என்று வகைப்படுத்தியிருக்கிறது. ஆட்களும் அப்படியே. பன்னிரண்டு பேரும் எங்கள் கம்பெனியின் ஒரே மாடலைத்தான் ஓட்டுகிறோம். மாலை ஆறு மணிக்குக் கேட்டைத் தாண்டியதும் பன்னிரண்டு வண்டிகளும் வரிசையாக இடப்பக்கம் திரும்பும். அந்தக் கட்டுப்பாட்டைப் பார்க்க எதிர்க் கடைக்காரர் வேலையை விட்டுவிட்டு வெளியே வந்து நிற்பார்.

இப்பேர்ப்பட்ட இடத்துக்குத்தான் அந்த நர்ஸ் அம்மா வந்தார். வீடு வீடாகப் போய், படுக்கையில் கிடப்பவர்களுக்கு ஊசி போடுவது அவர் வேலை. எங்கள் மாடல்தான் ஓட்டுகிறார். ஆனாலும் வந்ததும் வராததுமாகப் புகார்.

“சார், வண்டி நடுரோட்டுல பட்டுனு ஆஃப் ஆயிடுது. எப்பவும் இல்ல. வலது பக்கம் ஒடிச்சுத் திருப்பும்போது மட்டும். நேத்து பின்னாடி லாரி. அந்த டிரைவர் புண்ணியத்துல உயிரோட இருக்கேன்.”

வாடிக்கையாளர் சொல்வதைக் காதால் கேட்பது பழைய காலத்து முறை. நாங்கள் ஜாப் கார்டில் ஏற்றுவோம். அதில் ‘என்ன’ என்று ஒரு கட்டம் உண்டு. ‘எப்போது’ என்று கட்டம் கிடையாது. ‘வண்டி நிற்கிறது’ என்று பதிந்துகொண்டேன். நிற்பது வண்டியின் இயல்புதானே!

எங்கள் ஸ்கேனர் நிபுணருக்கு ஜோசியர் என்று பெயர். திரையைப் பார்த்தே வண்டியின் தலையெழுத்தைச் சொல்லிவிடுவார்; கையில் கறை பட்டதே இல்லை. ஸ்கேனரைச் சொருகி, ஸ்டாண்டில் நேராக நின்ற வண்டியை அரை மணி நேரம் ஓடவிட்டார். ஒரு விக்கல் இல்லை.

“பிழை பூஜ்யம்” என்று அறிவித்தார். “வண்டிக்கு ஒண்ணும் இல்லம்மா.”

“ரோட்டுல ஓட்டிப் பாத்தீங்களா?”

“எதுக்கும்மா? எங்கயாவது நின்னிருந்தா கம்ப்யூட்டரே எழுதி வச்சிருக்குமே!”

“அந்த நேரத்துல மீட்டர் லைட் எல்லாம் மொத்தமா அணைஞ்சிடுதுங்க. ஹாண்டில் கிட்ட ஏதோ வயர் விட்டிருக்கணும். கம்ப்யூட்டருக்கே கரண்ட் போயிடுச்சுன்னா அது எப்படி எழுதும்? என் பேஷன்ட் மூச்சு நின்னா, எந்திரிச்சு அவரே சார்ட்ல எழுதிட்டா படுப்பாரு?”

ஜோசியர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். ஊசி போடுகிறவர் வயரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நாடு எங்கே போகும்? கலந்தாலோசனைக் கூட்டம் போட்டோம். இன்ஜெக்டரைக் கழுவினோம். பிளக்கை மாற்றினோம். ஒரு பாவமும் அறியாத மென்பொருளை ‘மேம்படுத்தினோம்’. ஹாண்டிலை மட்டும் யாரும் திருப்பவில்லை. எங்களுக்கென்று ஓர் ஒழுங்கு இருக்கிறது.

பத்து நாளில் மறுபடி வந்தார். மறுபடி பூஜ்யம். இந்த முறை ‘ஓட்டுநர் மனப்பான்மை’ குறித்த வண்ணத் துண்டறிக்கை ஒன்றை இலவசமாகக் கொடுத்து அனுப்பினோம்.

மூன்றாவது முறை வண்டி ஒரு வேனில் வந்தது. நர்ஸ் அம்மா காலில் மாவுக்கட்டுடன், ஊன்றுகோலோடு பின்னால் வந்தார். வலப்பக்கம் திரும்பும்போது வண்டி நின்று, பின்னால் வந்த கார் மோதியிருக்கிறது.

“மூணு மாசம் நடக்கக் கூடாதாம். என் பேஷன்ட்டுக்கெல்லாம் யாரு ஊசி போடுவாங்க?” என்று கேட்டார்.

இதற்கும் ஜாப் கார்டில் கட்டம் இல்லை. ஜோசியர் ஸ்கேனரைச் சொருகினார். கார் மோதிய வண்டியிலும் பிழை பூஜ்யம்! எங்கள் தரத்துக்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? ‘சேவையில் பரம திருப்தி’ என்ற படிவத்தை நீட்டினேன். அவர் கையெழுத்துப் போடாமல், ஆட்டோவுக்காகக் கேட்டருகே போய் உட்கார்ந்துகொண்டார்.

மணி ஆறு. ஜோசியர் முதலில் வெளியேறி, இடப்பக்கம் திரும்பினார். அடுத்தவரும் இடப்பக்கம். அதற்கடுத்தவரும். நர்ஸ் அம்மா ஒவ்வொருவரையும் பார்த்துக்கொண்டே இருந்தார். பன்னிரண்டாவதாக நான் வந்தபோது ஊன்றுகோலைக் குறுக்கே நீட்டினார்.

“சார், உங்க வீடு எங்க இருக்கு?”

எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. “அதோ, பச்சை கேட் தெரியுது பாருங்க, அதுதான்” என்று கையைக் காட்டினேன். வலப்பக்கம், நாலாவது கட்டடம்.

“அப்போ ஏன் சார் இந்தப் பக்கம் போறீங்க?”

“எல்லாம் ஒரு கட்டுப்பாடுதாம்மா” என்று சொல்லிவிட்டு இடப்பக்கம் திரும்பினேன். அடுத்த முனையிலும் இடது, அதற்கடுத்த முனையிலும் இடது என்று ஊரையே சுற்றி வீடு போய்ச் சேர நாற்பது நிமிடம் ஆகும். ஆனால் இந்த இரண்டு வருடத்தில் என் வண்டி நடுரோட்டில் ஒரு தடவைகூட நின்றதில்லை.