முக்காடு சாரின் முட்டு வாய்க்கால்

முக்காடு சார் ஒரு ஏமாற்றுக்காரர். கொடுத்த வாக்கைக் காப்பாற்றாமல் ஊரைவிட்டுப் போனவர். இதை நாசூக்காகச் சொல்ல எனக்கு வராது. வருடங்கள் எத்தனையோ ஓடிவிட்டன, எனக்கு எரிச்சல் மட்டும் இன்னும் அடங்கவில்லை.

உலகத்தில் பயந்தாங்கொள்ளிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் எவனாவது காப்பியடித்துவிடுவானோ என்று நடுங்கிக்கொண்டே, வாரம் தவறாமல் ஜெராக்ஸ் கடைக்கு வந்த மனிதர் அவர் ஒருத்தர்தான். அந்தக் கடை என்னுடையது. மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு எஸ்.டி.டி. பூத், ஒரு ஆடுகிற ஸ்டூல். 2004-இல் அதுதான் என் சாம்ராஜ்யம்.

அவருடைய உண்மையான பேரை இங்கே எழுதப்போவதில்லை. காரணம் கடைசியில் வரும். ஊர் வைத்த பேர் முக்காடு. வெயிலோ மழையோ தலையில் ஒரு துண்டு. எதையாவது வரைகிறார் என்றால் அந்தத் துண்டு தலையிலிருந்து காகிதம் வரைக்கும் இறங்கிவிடும். உள்ளே மனிதர் இருக்கிறாரா, இட்லி வேகிறதா என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது.

எங்கள் ஊர் உப்பளக்காரர் வீட்டுப் பிள்ளைதான். படித்துவிட்டுப் பெங்களூரில் சிப்பு வரைகிற வேலைக்குப் போனார். டிவிக்குள்ளும் செல்போனுக்குள்ளும் கறுப்பாக, பூச்சி மாதிரி உட்கார்ந்திருக்குமே, அந்தச் சிப்பு. நகத்தளவு இடத்தில் ஆயிரக்கணக்கான டிரான்சிஸ்டர்களை எங்கெங்கே வைப்பது, எந்தக் கம்பியை எதற்கு மேலே ஓட்டுவது என்று வரைந்து கொடுப்பது அவர் தொழில். அப்பா இறந்ததும் உப்பளத்தைப் பார்த்துக்கொள்ள ஊருக்குத் திரும்பினார். வரும்போது சொந்தமாக ஒரு சிப்பையும் தலைக்குள் வைத்துக்கொண்டு வந்தார். உப்பளத்து மோட்டார்கள் வோல்டேஜ் இறங்கினால் புகைந்து செத்துப்போகும். அதற்கு முன்பே மோட்டாரை நிறுத்துகிற சிப்பு அது.

அதை வரைந்து முடித்த பிறகுதான் எனக்குச் சனி பிடித்தது.

"ஏம்பா, அந்தப் பக்கம் திரும்பி நில்லு. நானே பட்டனை அழுத்திக்கிறேன்."

"மெஷின் என்னுது சார்."

"படம் என்னுது. திரும்பு."

என் கடையில், என் சுவரை, நானே வெறித்துப் பார்த்துக்கொண்டு நிற்பேன். சிப்பு என்பது ஒரே படம் இல்லையாம். மாடிமேல் மாடி மாதிரி பல தளங்கள், தளத்துக்கு ஒரு தாள். எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் முழு உருவம் தெரியும். அதனால் என்னை ஏமாற்றுவதற்காக வரிசையைக் கலைத்துக் கொண்டுவருவார். இந்த வாரம் மூன்றாவது மாடி, அடுத்த வாரம் அஸ்திவாரம்.

ஒருநாள் தாள் உள்ளே சிக்கிக்கொண்டது.

"தள்ளுங்க சார், நான் எடுக்கறேன்."

"எடு. ஆனா கண்ணை மூடிக்கோ."

"கண்ணை மூடிக்கிட்டு எப்படி சார் எடுக்கறது?"

"தடவி எடு."

தடவினேன். உள்ளே ரோலர் அடுப்பு மாதிரி கொதித்துக்கொண்டிருந்தது. விரல் கொப்பளித்துவிட்டது. நான் கையை உதறிக்கொண்டு குதிக்கிறேன், அவர் கருகின தாளைப் பிடுங்கிச் சுக்குநூறாகக் கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். போகும்போது மெஷின் கண்ணாடியைத் துண்டால் அழுந்தத் துடைத்தார். படத்தின் நிழல் ஒட்டிக்கொண்டிருக்குமாம்.

அத்தோடு விட்டாரா? தாள்களில் பாதிதான் எனக்கு. மீதிப் பாதி திண்டிவனத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு. "நீயும் அவனும் கூட்டுச் சேர்ந்தாதான் திருட முடியும்" என்றார். திண்டிவனத்துக்காரன் எந்த ஊர் மூஞ்சி என்றே எனக்குத் தெரியாது. தெரியாத ஒருத்தனோடு கூட்டுச் சேர்த்து என்னைத் திருடனாக்கினார்.

உண்மையைச் சொன்னால், ஒரு தாளை நான் நேராகவே பார்த்திருக்கிறேன். அவரே கைதவறிக் கீழே போட்டது. கோடு, கட்டம், மறுபடி கோடு. கோலம் போடப் போன இடத்தில் மாடு மிதித்த மாதிரி இருந்தது. மரக்காணம் மொத்தமும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்திருந்தாலும் அவருக்கு ஒரு நஷ்டமும் வந்திருக்காது.

"எதுக்கு சார் இவ்ளோ பயம்? ஒரு பேட்டன்ட் வாங்கிப் போட வேண்டியதுதானே?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"உப்பு எடுக்கறது இந்தக் கடக்கரை மொத்தத்துக்கும் தெரியும். அதுக்கு நான் உரிமை கேட்க முடியுமா?"

"கேட்டா அடிப்பாங்க."

"ஆனா எந்தப் பாத்தி எங்க, எந்த வாய்க்கா எந்தப் பக்கம் போவுது, அந்த அமைப்பு நான் யோசிச்சது. சிப்புக்கும் அப்படித்தான். அது பேட்டன்ட்டுலயும் சரியா மாட்டாது, காப்பிரைட்டுலயும் மாட்டாது. அதனால சிப்போட அமைப்புக்குன்னே தனிச் சட்டம் போட்டிருக்காங்க. பதிவு பண்ணிட்டா பத்து வருஷம் அது நம்மளுது. எவனும் தொட முடியாது."

"வேற ஒருத்தன் தானா யோசிச்சு, அதே மாதிரி வந்துட்டா?"

"அது தப்பில்ல. பார்த்துப் போட்டாதான் தப்பு."

"பார்த்துத்தான் போட்டான்னு எப்படி சார் நிரூபிப்பீங்க?"

முக்காட்டுக்குள் ஒரு சிரிப்பு தெரிந்தது. "ஒரு கம்பியை எங்கேயும் போய்ச் சேராத மாதிரி வரைஞ்சு வச்சிருக்கேன். அதால ஒரு பிரயோஜனமும் கிடையாது. யோசிச்சு வரையறவன் அதைப் போட மாட்டான். காப்பியடிக்கிறவன் அதையும் சேர்த்துப் போடுவான். மாட்டினான்!" அவர் தொழிலில் இது பழைய வழக்கமாம்.

இவ்வளவும் எதற்காக என்றுதான் எனக்கு முதலில் புரியவில்லை. பெங்களூரில் ஒரு கம்பெனி அந்தச் சிப்பை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. கம்பெனி பேரில். இவர் முடியாது என்று சொல்லிவிட்டார். "பத்து வருஷம் வரைஞ்சேன்பா. ஒண்ணுலகூட என் பேர் இல்ல. கல்யாணப் பத்திரிகையில தாய்மாமன் பேரைக்கூடப் போடறாங்க. இது ஒண்ணாவது பதிவேட்டுல என் பேர்ல இருக்கட்டும். அப்புறம் எவன் வேணா எடுத்துக்கட்டும்." இவ்வளவுதான் அவர் கேட்டது. அரசாங்கத்துப் பதிவேட்டில் ஒரு வரி.

சட்டையெல்லாம் இஸ்திரி போட்டு, தாள்களைத் தூக்குவாளிக்குள் சுருட்டி வைத்து, மேலே ஒரு வாழை இலை மூடி, பதிவு பண்ணச் சென்னைக்கு பஸ் ஏறினார். சாயங்காலம் திரும்பிவந்து என் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"இன்னா சார், ஆச்சா?"

"சட்டம் இருக்குது. அதுக்கு விதியெல்லாம்கூட இருக்குது. பதிவு பண்றது மட்டும் இன்னும் ஆரம்பிக்கலையாம்."

உப்பு வாருகிற அஞ்சலை அக்கா அப்போது பூத்தில் போன் பேச வந்திருந்தது. "கோயில் கட்டியாச்சு, கோபுரமும் வச்சாச்சு, சாமி மட்டும் இன்னும் வரலையா?" என்றது. அவர் கோபப்படவில்லை. "வரும் அக்கா" என்றார். மாதாமாதம் போய்க் கேட்டுவிட்டு வந்தார். கடைசியில் அங்கே இருந்தவர்கள் இவரைப் பார்த்ததும் கேள்வியைக்கூடக் கேட்காமல் டீ சொல்ல ஆரம்பித்துவிட்டார்களாம்.

அதற்குள் சுனாமி வந்து போனது. அந்த நாட்களைப் பற்றி நான் இங்கே எழுதப்போவதில்லை. உப்பளங்களில் வரப்பெல்லாம் கரைந்து சேறாகிக் கிடந்தது. எப்படியும் மழைக்காலம் முடிந்து தை பிறந்தால் எங்கள் பக்கம் பாத்திகளைப் புதிதாக மிதித்து, வரப்புக் கட்டுவதுதான் வழக்கம். அந்த வருடம் எல்லோரும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது. முக்காடு தன் அளத்தைத் தானே வரைந்தார். சிப்பு வரைகிற மாதிரியே, துண்டுக்குள் உட்கார்ந்து.

வரைந்தவர் சும்மா இருந்தாரா? நடுவில் ஒரு வாய்க்கால் வெட்டினார். அதற்கு வாயும் இல்லை, வாலும் இல்லை. இரண்டு பக்கமும் முட்டு. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வராது, வெளியே போகாது.

"இது இன்னாத்துக்கு சார்?" என்று அஞ்சலை அக்கா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டது.

"கேக்காதே. வெட்டு."

அந்தப் பருவத்தில் அவர் அளத்தில் உப்பு நன்றாக விளைந்தது. வெயில் நன்றாக அடித்தது, அதனால் விளைந்தது என்பது என் கருத்து. ஆனால் பக்கத்து அளம் அந்தோணிக்கு வேறு கருத்து. அந்தோணியும் இவரும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். பரீட்சையில் அந்தோணி யார் தாளைப் பார்த்து எழுதினார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த தையில் அந்தோணி பாத்தி மிதித்தார். பாத்திக்குப் பாத்தி, வரப்புக்கு வரப்பு அப்படியே. நடுவில், இரண்டு பக்கமும் முட்டிக்கொண்டு, அழகாக ஒரு வாய்க்கால்.

முக்காடு ஓடிவந்தார். பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. "மாட்டிக்கிட்டான்! மாட்டிக்கிட்டான்!" லாட்டரி விழுந்தவன்கூட அப்படிக் குதிக்க மாட்டான்.

உப்புக் கொட்டகையில் கூட்டம் கூடியது. உப்பளக்காரர்கள் சங்கத் தலைவர் நடுவில் உட்கார்ந்தார். முக்காடு சட்டப் புத்தகத்தோடு வந்தார். அதை முழுசாக என் கடையில்தான் ஜெராக்ஸ் எடுத்தார், அன்றைக்கு மட்டும் என்னைத் திரும்பச் சொல்லவில்லை.

"அந்தோணி, நீ பார்த்துத்தான் போட்டியா?" என்று தலைவர் கேட்டார்.

"பார்த்துத்தான் போட்டேன். நல்லா இருந்துச்சு, போட்டேன்."

"டேய், அந்த முட்டு வாய்க்கா எதுக்குடா போட்டே?" என்று முக்காடு பாய்ந்தார்.

"நீ போட்டிருந்தியேடா! பெங்களூர் வரைக்கும் போய்ப் படிச்சவன் போட்டா, எதுக்காவது இருக்கும்னு நெனச்சேன்."

"எதுக்கும் இல்லடா! உன்னைப் புடிக்கறதுக்கு!"

கொட்டகை ஆடுகிற அளவுக்குச் சிரிப்பு. அஞ்சலை அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "யாரு சொன்னது எதுக்கும் இல்லன்னு? எங்க சோத்துத் தூக்கு, தண்ணிக் கேன் எல்லாம் அதுலதான் வைக்கறோம். அளம் மொத்தத்துலயும் காஞ்சு கெடக்கற எடம் அது ஒண்ணுதான். வரப்பு நெழல் விழுது. சோறு கெட்டுப்போவல."

"அக்கா, அது திருடனுக்கு வச்ச கண்ணி!"

"கண்ணியா இருந்தா இன்னா தம்பி, மதியச் சோறு கெடாம இருக்குதில்ல."

தலைவர் கையை உயர்த்தினார். "தம்பி, எங்க யாருக்கும் இந்தப் பொஸ்தகம் படிக்கத் தெரியாது. நீயே சொல்லு. இந்தச் சட்டம் மண்ணுக்குச் செல்லுமா?"

ஆம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் மறுக்க அங்கே ஆள் கிடையாது. அந்தோணி அத்தனை வரப்பையும் அழித்திருப்பார். முக்காடு அந்தத் தாள்களை மடித்து வைத்தார். பிறகு தலையிலிருந்து துண்டை எடுத்தார். அன்றைக்குத்தான் அவருக்குப் பாதி வழுக்கை என்பது ஊருக்குத் தெரிந்தது.

"செல்லாது. சிப்புக்கு மட்டும்தான்" என்றார்.

தன் வழக்கில் தானே எதிர்சாட்சி சொல்லித் தோற்ற ஒரே ஆளை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு அவருக்கு அந்தோணி வீட்டில்தான், மீன் குழம்பு. அந்தக் கோடைக்குள் இன்னும் பல அளங்களில் முட்டு வாய்க்கால் வந்துவிட்டது. பெண்கள் கேட்டார்கள், போட்டார்கள். எல்லோரும் அதற்கு வைத்த பேர் முக்காட்டு வாய்க்கால்.

2006-இல் பெங்களூர்க் கம்பெனி காத்திருந்து அலுத்து, வேறு யாரையோ வைத்து வேறு சிப்பு செய்துகொண்டது. சென்னையிலிருந்து இவருக்கு அதே பதில், அதே டீ. ஒருநாள் பையோடு கடைக்கு வந்தார். மறுபடி வேலைக்குப் போகிறாராம்.

"பதிவு ஆரம்பிக்கற வரைக்கும் யாரு பேருக்காவது வரையறேன்பா."

"அளத்தை யார்கிட்ட விட்டுட்டுப் போறீங்க?"

"அந்தோணிகிட்ட. காப்பியடிச்சாலும் ஒழுங்கா அடிச்சவன் அவன்தான்."

பஸ்ஸில் ஏறின பிறகு ஜன்னல் வழியாகக் கத்தினார்: "என் பேர் பதிவேட்டுல ஏறின அன்னிக்கு அந்தச் சர்ட்டிபிகேட்டை உன் கடையிலதான் ஜெராக்ஸ் எடுப்பேன். நீ கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டே எடுக்கலாம்!"

அதுதான் அவர் கொடுத்த வாக்கு. பிறகு ஒரு போன் கிடையாது.

சமீபத்தில் திண்டிவனத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குள் நுழைந்தேன். பேச்சுவாக்கில் மரக்காணத்தில் கடை வைத்திருப்பதைச் சொன்னேன். வயதான கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "துண்டு போட்ட சாரோட இன்னொரு பாதி நீங்கதானா?" என்றார். அவருக்கும் விரலில் தழும்பு இருந்தது. இரண்டு பேரும் அவரைத் திட்டிக்கொண்டே டீ குடித்தோம்.

சார், அந்தப் பதிவு பிற்பாடு ஆரம்பித்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். உங்கள் பேர் அதில் ஏறியதா, இல்லையா? அச்சில் அது முதலில் அங்கேதான் வர வேண்டும் என்றுதான் நான் இங்கே எழுதவில்லை. போன் வேண்டாம், ஆள்விட்டுச் சொல்ல வேண்டாம். நாலு பேர் பார்க்க இதே பத்திரிகையில் பதில் எழுதுங்கள். ஏறவில்லை என்றாலும் எழுதுங்கள். இந்தத் தையிலும் அந்தோணி உங்கள் வாய்க்காலை, ஒரு சாண்கூட மாற்றாமல், அப்படியே வெட்டி வைத்திருக்கிறார்.