நாற்காலியில் காய்ந்த படலம்

மதிப்பிற்குரிய அத்தானுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அங்கே அக்காவின் முழங்காலும் உங்கள் பெயிண்டுக் கடையும் சுகமென நம்புகிறேன். முதலில் வெட்கக்கேட்டைச் சொல்லித் தொலைக்கிறேன்: மாதக்கணக்கில் பாடுபட்ட என் ஆராய்ச்சியின் மேல் நான் உட்கார்ந்துவிட்டேன்.

ஆராய்ச்சி என்றால் மின்சாரம் கடத்தும் பிளாஸ்டிக். மெல்லிய படலமாக ஊற்றிக் காயவைத்து, ஒரு முனைக்குச் சூடும் மறுமுனைக்குக் குளிர்ச்சியும் காட்டினால் மின்சாரம் வரவேண்டும். என்னுடையதில் எனக்கு அழுகைதான் வந்தது. போன வெள்ளிக்கிழமை மதிப்பீட்டுக் குழு வரும் நாள், மீட்டர் அசையாவிட்டால் என் வேலை காலி, அப்புறம் உங்கள் கடையில் எனக்கென்று துடைத்து வைத்திருக்கும் ஸ்டூல்தான் கதி, "டாக்டர் பட்டம் வாங்கினவனுக்கு ஒரு டிஸ்டெம்பர் கலக்கத் தெரியலையே" என்று அக்கா சொல்வதை ஆயுள் முழுக்கக் கேட்க வேண்டும். இந்தக் கவலையில், மேசையில் இடமில்லாமல், கடைசிப் படலத்தை ஜன்னலோர நாற்காலியில் காயவைத்தேன். அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரி போனில், "ஏங்க, கேஸுக்குச் சொன்னீங்களா, இல்லையா?" என்றாள். சொல்லவில்லை. சமாதானம் சொல்லிக்கொண்டே அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். எழுந்து பார்த்தால் நாற்காலியில் படலம் ஒன்றுக்கு இரண்டாக நீண்டு கிடக்கிறது! வாசலில் குழு. வேறு வழியில்லாமல் அதையே எடுத்து மீட்டரில் மாட்டினேன். அத்தான், எண் ஏறுது, ஏறுது, நிக்கவே மாட்டேங்குது!

"யோவ், என்னய்யா பண்ணே?" என்று இயக்குநர் காதைக் கடித்தார்.

"உக்காந்தேன் சார்."

மனிதர் அசரவில்லை. "பிளாஸ்டிக்குக்குள்ள இழையெல்லாம் சிக்குப் பிடிச்ச தலைமுடி மாதிரி கிடக்கும். இழுத்தா சீவின மாதிரி வரிசைக்கு வந்துடும், மின்சாரம் நேரா ஓடும். இவர் அதை வெயிட் போட்டு இழுத்திருக்கார்" என்று குழுவிடம் அளந்துவிட்டார். திட்டம் நீட்டிக்கப்பட்டது. வேலை பிழைத்தது. இத்தனை நாள் என்னைக் 'குண்டோதரன்' என்றவர்கள் இப்போது, "சார், இதுமேலயும் கொஞ்சம் உக்காருங்களேன்" என்று படலத்தோடு வரிசையில் நிற்கிறார்கள். எதையும் கிளிப் மாட்டி இழுத்தே காயவைக்கும் பக்கத்து மேசைப் பெண் மட்டும் வரிசைக்கு வரவில்லை. "சார், அந்த நாற்காலியில ஒண்ணு காயவச்சிருந்தேன், பாத்தீங்களா?" என்று குனிந்து தேடிக்கொண்டிருந்தாள். இருந்த குஷியில், "எங்க போயிடும்மா, கிடைக்கும்" என்று சொல்லிவிட்டேன்.

ஆகவே அத்தான், அந்த ஸ்டூலை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். அக்காவுக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
நிம்மதியாகத் தூங்கப்போகும் மைத்துனன்

பின்குறிப்பு: ஸ்டூலை இப்போதைக்கு யாருக்கும் கொடுக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை போட்டிருந்த பேண்டை வீட்டுக்காரி இப்போதுதான் துவைக்க எடுத்தாள். பின்பக்கத்தில் என் படலம், ஒரு நூல்கூட நீளாமல், அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது.