ஷூவைப் பார்த்துப் பின்னிய ஸ்வெட்டர்

மூக்குக்கண்ணாடி போடுகிறவர்களுக்கு மட்டும் கடவுள் ஒரு சலுகை கொடுத்திருக்கிறார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டால் உலகம் அழகாகிவிடும். சுவரில் காரை பெயர்ந்த இடம் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர் முறைப்பது தெரியாது. எல்லா மனிதர்களும் ஓரம் கரைந்து, கொஞ்சம் வெளிச்சமாக, நல்லவர்களாகத் தெரிவார்கள். அப்படி ஒரு மங்கலைப் பார்த்துத்தான் நான் கல்யாணத்துக்குத் தலையாட்டினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அந்த மங்கலுக்கு ஒரு ஸ்வெட்டரும் பின்னினேன்.

ஐம்பதுகளின் நடுவில் நடந்தது இது. பெங்களூர் ஒக்கலிபுரத்தில் எங்கள் வீடு. ரயில் ஸ்டேஷன் பக்கம் என்பதால் நாள் முழுக்க விசில் சத்தம் கேட்கும், எஞ்சின் புகை கொடியில் காயும் துணியில் வந்து உட்காரும். எனக்கு வயது பத்தொன்பது. பகல் கனவு காண்பதைத் தவிர எனக்கு வேறு உருப்படியான வேலை தெரியாது. (அம்மா இதை வேறு மாதிரி சொல்லுவாள்: "இது கண்ணைத் திறந்துகிட்டே தூங்கும்.")

கார்த்திகை மாதக் கடைசியில் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். அவர்கள் வண்டியை விட்டு இறங்கும்போதே அம்மா என் கண்ணாடியைக் கழற்றித் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். கண்ணாடி போட்ட பெண்ணை யார் கட்டுவார்கள் என்பது அவள் கவலை. காபித் தட்டோடு கூடத்துக்குப் போனேன். எதிரே வெள்ளை வெள்ளையாக நாலு மங்கல்கள். அதில் எது மாப்பிள்ளை என்று கேட்கவா முடியும்? நான் பொதுவாக எல்லாரையும் பார்த்து வெட்கப்பட்டு வைத்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா, "பொண்ணு பாடுமா?" என்று கேட்டார்.

அப்பா சர்க்கார் ஆபீஸ் குமாஸ்தா. கேட்ட கேள்விக்கு இல்லை என்று மட்டும் சொல்லி நிறுத்திப் பழக்கமில்லாதவர். "பாட்டுதான் வராது. ஆனா ஸ்வெட்டர் பின்னுவா பாருங்க, அப்படிப் பின்னுவா! இதோ, நான் போட்டிருக்கிறதே எம் பொண்ணு பின்னினதுதான்" என்று எழுந்து நின்று ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார்.

நான் காபித் தட்டால் முகத்தை மறைத்துக்கொண்டேன். ஏனென்றால் அப்பா பொய் சொல்லவில்லை. பொய் சொன்னவள் நான். போன வருஷம் அப்பாவுக்காக அந்தக் கையில்லாத ஸ்வெட்டரை ஆரம்பித்தது என்னவோ நான்தான். இடுப்புப் பட்டை இரண்டு இஞ்ச் பின்னியதும் எனக்கு அலுத்துவிட்டது. அடுத்த வீட்டு நாகரத்னா, என் வயதுக்காரி, கன்னடக்காரி, ஊசி பிடித்தால் மெஷின் மாதிரி ஓட்டுவாள். மீதியை அவள்தான் பத்தே நாளில் முடித்துக் கொடுத்தாள். நான் அதை அப்பாவிடம் நீட்டி, "உங்களுக்காக நானே பின்னினேன்" என்று சொன்னேன். (ஊசி என்னுடையதுதானே என்று மனசாட்சிக்குச் சமாதானம் சொல்லியிருந்தேன்.) அன்றிலிருந்து அப்பா அதைக் கழற்றவில்லை. ஆபீசுக்கும் அதுதான், மார்க்கெட்டுக்கும் அதுதான், மண்டையைப் பிளக்கும் வெயிலிலும் அதுதான்.

மாப்பிள்ளையின் அம்மா ஸ்வெட்டரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கை சுத்தமாத்தான் இருக்கு. எம் பையன் டில்லி ஆபீஸ்ல வேலைக்குச் சேரப் போறான். அவனுக்கும் ஒண்ணு பின்னித் தரட்டும், முழுக்கை வச்சு. மார்கழி போகட்டும், தை பொறந்து நிச்சயத்துக்கு வரும்போது போட்டுப் பாக்கலாம்" என்றார்.

அதாவது, எனக்கு ஒரு மாதப் பரீட்சை. தோற்றால் ஸ்வெட்டர் மட்டும் போகாது. மாப்பிள்ளை போவார், டில்லி போகும், எல்லாவற்றுக்கும் மேலே அப்பாவின் மானம் போகும்.

அளவு வேண்டுமே! நிச்சயமாகாத பையனிடம் மார்பு எத்தனை இஞ்ச் என்று கேட்க எந்த வீட்டில் விடுவார்கள்? அவர்கள் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நான் பின்னல் ஊசியை எடுத்துக்கொண்டு பக்கவாட்டு வழியாக வாசலுக்கு ஓடினேன். வாசலில் மண்டியிட்டுக் கண்ணைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தேன். நாலைந்து ஜோடி செருப்புகள். ஒரே ஒரு ஜோடி ஷூ. டில்லிக்குப் போகிறவர் செருப்பா போடுவார்? ஷூதான் மாப்பிள்ளை என்று முடிவு கட்டினேன். ஊசியை ஷூவுக்குள் விட்டேன். பன்னிரண்டு இஞ்ச் ஊசி முழுக்க உள்ளே போய், குமிழ் மட்டும் வெளியே தெரிந்தது.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பாதமே இவ்வளவு என்றால் ஆள் ஆறடிக்குக் குறையாது. நிலைப்படியில் குனிந்துதான் வருவார். மார்பு நாற்பத்து நாலு இஞ்சாவது இருக்கும் என்று அங்கேயே கணக்குப் போட்டேன். ஷூவுக்குப் பக்கத்தில் ரொம்பச் சின்னதாக ஒரு தோல் செருப்பு இருந்தது. அவர் அம்மாவுடையதாக இருக்கும் என்று நினைத்து, வருங்கால மாமியார் செருப்பாயிற்றே என்று அதை மரியாதையாக நேராக வைத்துவிட்டு உள்ளே வந்தேன்.

மறுவாரமே நாகரத்னா மைசூருக்குப் போய்விட்டாள். அவள் அக்காவுக்குப் பிரசவம். போகும்போது படித்துப் படித்துச் சொன்னாள்: "ரேணு, ஒவ்வொரு வரிசை முடிஞ்சதும் கண்ணி எண்ணு. மரிபேடா." (மறக்காதே என்கிறாள். கண்ணி என்பது ஊசியில் நிற்கும் நூல் வளையம்.)

நான் எண்ணவே இல்லை.

எப்படி எண்ணுவது? மார்கழி மாதம். பின்வாசல் படியில் உட்கார்ந்தால் எதிரே ஒன்றும் இருக்காது. வெறும் பனி. கிணறு இல்லை, கொய்யா மரம் இல்லை, மதில் இல்லை. எங்கேயோ ஒரு எஞ்சின் கூவும், அது எங்கே நிற்கிறது என்று தெரியாது. மடியில் நீல உல்லன் நூல் கதகதவென்று கிடக்கும். விரல்கள் தானாக நகரும். பனிக்குள்ளிருந்து ஆறடி உயர மனிதர் ஒருவர், முகம் இல்லாமல், ஷூ சத்தத்தோடு நடந்து வருவார். நாங்கள் டில்லித் தெருவில் நடப்போம். அவர் மூச்சு புகையாக வரும். நான் பின்னிய ஸ்வெட்டரின் கையைப் பிடித்துக்கொள்வேன். அவர் என்னிடம் ஏதோ சொல்லுவார். என்ன சொன்னார் என்று கேட்பதற்குள் பக்கத்தில் மொச்சை பிதுக்கிக்கொண்டிருக்கும் அம்மா முதுகில் ஒன்று வைப்பாள்.

"எங்கேடி போயிட்ட? அரை மணியா அதே வரிசையில இருக்க."

"டில்லிக்கும்மா."

"டிக்கெட் எடுத்தியா?"

பின்னல் தெரிந்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். மனசு இளகினால் கையும் இளகும், கண்ணி பெரிதாகிவிடும். பயந்தால் கை இறுகும், கண்ணி சிறுத்துவிடும். அந்த ஸ்வெட்டரை விரித்து வைத்தால் என் மார்கழி முழுவதையும் படித்துவிடலாம். மார்புப் பகுதியில் பத்து நாள் சந்தோஷம், அகலமோ அகலம். மாப்பிள்ளையின் அம்மா கைவேலையில் கெட்டிக்காரர் என்று கேள்விப்பட்ட அன்று நாலு வரிசை கல் மாதிரி இறுகிவிட்டது. இடது கை பின்னும்போது நாங்கள் டில்லியில் வீடு பார்த்துக்கொண்டிருந்தோம். பிடித்த வீடு அமையும்வரை கை நீண்டுகொண்டே போயிற்று. அப்பா சிக்பேட்டைக்கு மூன்று முறை நூல் வாங்க ஓடினார். மூன்று முறையும் மூன்று நீலம் கொண்டுவந்தார்.

நிச்சயத்துக்கு முதல் நாள் நாகரத்னா திரும்பி வந்தாள். ஸ்வெட்டரைத் தூக்கிப் பிடித்தாள். அவள் முகம் அதற்குப் பின்னால் காணாமல் போயிற்று. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"அய்யோ தேவரே! ரேணு, இது ஒப்பரிகா, இப்பரிகா?" (ஒருத்தருக்கா, ரெண்டு பேருக்கா என்கிறாள்.)

"நீ அவரைப் பாத்தியா? ஆறடி!"

"நீ பாத்தியா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பொறாமை என்று சொல்லி அவளை அனுப்பிவிட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே குட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மறுநாள் கூடம் நிறைய ஜனங்கள். என் கண்ணாடி மறுபடியும் அம்மா இடுப்பில். வெற்றிலை, பழம், பூ இருந்த தட்டுகளோடு ஸ்வெட்டருக்கும் ஒரு தட்டு. மடித்தும் தட்டு போதாமல் தாம்பாளம் வைத்தார்கள். "போட்டுக் காட்டுப்பா" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. வெள்ளை மங்கல்களில் ஒன்று எழுந்தது. கொஞ்ச நேரம் நூலோடு போராடியது. பிறகு நீலமாக, அகலமாக, பிரம்மாண்டமாக ஒரு மங்கல் கூடத்தின் நடுவில் நின்றது. நான் கனவில் பார்த்த அதே உருவம்! என் மனசு நிறைந்துவிட்டது. சரியான அளவு என்று நினைத்தேன்.

யாரோ ஒரு அம்மாள் சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினாள்.

"இது யார் அளவும்மா?" என்று மாப்பிள்ளையின் அம்மா மெதுவாகக் கேட்டார். மூலையிலிருந்து ஒரு கனத்த குரல், "எனக்குச் சரியா இருக்கும் போல இருக்கே" என்றது. அது மாப்பிள்ளையின் அக்கா வீட்டுக்காரர், பெண் பார்க்கவும் வந்திருந்தவர். பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். மாப்பிள்ளையின் அம்மா குரல் சட்டென்று மாறிவிட்டது. "அவர் அளவு உனக்கு எப்படித் தெரியும்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் சும்மா இருந்தால் கூடம் என்னென்னவோ நினைக்கும். நிச்சயத்தன்று பெண் வாய் திறக்கக் கூடாது. நான் திறந்தேன்.

"வாசல்ல ஷூ இருந்திச்சு. மாப்பிள்ளை ஷூன்னு நெனச்சு அளவெடுத்தேன்."

"ஷூவை எதுக்கு அளக்கணும்? எதிர்லதானே உட்கார்ந்திருந்தான்?"

"எனக்குத் தெரியலை. கண்ணாடி போடலை."

"கண்ணாடியா?"

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். ஒரு கண்ணி நழுவினால் அத்தோடு நிற்காது, வரிசை வரிசையாகக் கீழே ஓடும். என் வாயும் ஓடியது. "அப்பா போட்டிருக்கிற ஸ்வெட்டரும் நான் பின்னலை. நாகரத்னா பின்னினது. கீழே ரெண்டு இஞ்ச்தான் என்னுது."

அப்பா குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார். அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. அவர் குனிந்தது மட்டும் தெரிந்தது. கல்யாணம் போனால் போகட்டும், இந்த நிமிஷம் இல்லாமல் போகாதா என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

நீல மங்கல் பேசியது. மெலிந்த, இனிமையான குரல். என் அம்மாவிடம்தான் சொன்னார்: "கண்ணாடியைக் கொடுங்களேன். போட்டுக்கிட்டு ஒரு தடவை பாக்கட்டும். அப்புறம் வேணாம்னு சொல்றதா இருந்தா அவங்களே சொல்லட்டும்."

அம்மா எடுத்துக் கொடுத்தாள். போட்டுக்கொண்டேன்.

குள்ளமாக, ஒல்லியாக, காது பெரிதாக ஒரு மனிதர். ஸ்வெட்டர் முழங்கால் வரை தொங்கியது. வலது கை விரலை மூடியது, இடது கை அதற்கும் கீழே ஒரு சாண் ஆடிக்கொண்டிருந்தது. நெஞ்சில் மூன்று நீலம். அத்தனைக்கும் நடுவில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். நானும் சிரித்துவிட்டேன். ஆறடி ஆள் அந்த நிமிஷமே பனிக்குள் போய்விட்டார். அவரை நான் பிறகு ஒருநாள்கூடத் தேடவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாட்டு வராது. ஸ்வெட்டரும் வராது. சமையலாவது வருமா?"

"சுமாரா வரும், அத்தை."

"இது நிஜமாத்தான் இருக்கும்" என்றார். "தட்டை மாத்துங்க."

எல்லாரும் போன பிறகு அப்பா என்னிடம் வந்தார். கோபித்துக்கொள்வார் என்று நின்றேன். "எதும்மா அந்த ரெண்டு இஞ்ச்?" என்று கேட்டார். காட்டினேன். விரலால் தடவிப் பார்த்து, "இதுதான் கெட்டியா இருக்கு" என்றார். அது சுத்தப் பொய்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இஞ்ச் கணக்கு வந்துவிட்டது. யாராவது "இந்தக் குழம்பு நான் வச்சது" என்றால், "எத்தனை இஞ்ச்?" என்று உடனே கேள்வி வரும். என் கணவர் அந்த ஸ்வெட்டரைக் கையை மூன்று மடிப்பு மடித்துப் போட்டுக்கொண்டு டில்லிக்குப் போனார். (மாசி பிறந்ததும் அங்கே குளிர் குறைந்துவிடும் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது.)

தலைப்பிரசவத்துக்கு நான் பெங்களூர் வந்தபோது அப்பா ஒரு காகிதப் பொட்டலத்தை நீட்டினார். அவருடைய ஸ்வெட்டர். நாகரத்னாவை வைத்தே மேலிருந்து முழுக்கப் பிரித்து நூலைச் சுற்றி வைத்திருந்தார். கீழே என் இரண்டு இஞ்ச் மட்டும் பிரிக்காமல் ஊசியில் நின்றது. "மேல நீயே பின்னு" என்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வரிசைக்கும் கண்ணி எண்ணிப் பின்னினேன். கழுத்து மட்டும் ஒரு பக்கம் தொளதொளவென்று போய்விட்டது. அது மகள் பிறந்த பிறகு பின்னியது.

அப்பா டேப்பை வைத்துக் கீழிருந்து மேலே அளந்தார். "இருபத்திரண்டு" என்று அடுப்படியில் இருந்த அம்மாவுக்குக் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னார். பிறகு நாகரத்னா வீட்டு வாசலில் நின்று இன்னொரு தடவை சொன்னார். இன்றும் எங்கள் வீட்டில் ஒருவர் ஒரு காரியத்தைத் தன் கையாலேயே முழுக்கச் செய்து முடித்தால், பிரமாதம் என்றோ சபாஷ் என்றோ யாரும் சொல்வதில்லை. இருபத்திரண்டு என்று மட்டும் சொல்வோம்.